பத்துக்குப் பத்து

செண்பகவல்லிக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சோடியத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போக, அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளுடைய சிரிப்பு ஊரில் உள்ள சிரிப்பு மாதிரி இருக்காது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு கீச்சொலி இழுக்குமே, அப்படி ஆரம்பித்து விசிலாகவே முடியும். பிறகு ஒரு மாதத்துக்கு அவள் வராந்தாவில் நடந்தால் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து விசில் வரும். அன்றைக்கு மூடிய வாய். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. வேதியியல் பாடம் நடத்த, திட்ட, வருகைப்பதிவு எடுக்கத் திறப்பாள், சிரிக்கத் திறந்ததில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'மந்த வாயு'. எதனோடும் வினை புரியாதாம்.

அவள் சிரித்ததெல்லாம் ஆய்வகத்தில்தான், தனியாக, ஊறுகாய் ஜாடியின் முன்னால்.

அதன் சட்டப் பெயர் வேறு. நான்கு வருடம் முன்பு, 2040இல், மாணவர் சமூக ஊடகச் சட்டம் வந்தபோது ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. குளிர்சாதனப் பெட்டி அளவில், சாம்பல் நிறத்தில், அடியில் மெல்ல முனகிக்கொண்டு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் இணையத்தில் எதைப் போட்டாலும் அது நேரே உலகத்துக்குப் போகாது. பள்ளிப் பெட்டிக்கு வந்து ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். மறுநாள் பெட்டி கேட்கும்: 'இப்போதும் இதைச் சொல்ல விரும்புகிறாயா?' ஆத்திரத்தில் எழுதியவர்களில் பாதிப் பேர் அங்கேயே அழித்துவிடுவார்கள். மீதியைப் பொறுப்பாசிரியர் படித்து, பத்துக்கு ஓர் எண் போட்டு, 'விடு' அல்லது 'நிறுத்து' என்று அழுத்த வேண்டும். ஆசிரியர்கள் போடும் பதிவுகளுக்கும் இதே விதி. ஒரு நாள் ஊற வைப்பதால் பிள்ளைகள் அதை ஊறுகாய் ஜாடி என்றார்கள். இரண்டு பூட்டுப் போட்ட அறை வேதியியல் ஆய்வகம் ஒன்றுதான் என்பதால் ஜாடி அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. செண்பகவல்லி பொறுப்பாசிரியர் ஆனாள்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியர் ஞானசிகாமணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க டீச்சர். பதினொண்ணாம் வகுப்பு காளீஸ்வரி மேல ஒன்பதாம் பிரிவுல நோட்டீஸ் வந்திருக்கு. வியாழக்கிழமை விசாரணை. இங்கேயே வர்றாங்க."

"அவ என்ன செஞ்சா சார்?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். "இந்த வருஷம் போட்டது எண்பத்து மூணு பதிவு. அதுல எழுபத்தொண்ணுக்கு நீங்க பத்து போட்டிருக்கீங்க. மாவட்டத்துலயே இதுதான் அதிகமாம்."

செண்பகவல்லிக்கு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அருப்புக்கோட்டைப் பிள்ளை மாவட்டத்தில் முதலாவது. 'நல்லாத்தான் சார் எழுதுவா' என்று சொல்ல வாய் எடுத்தாள்.

"இவ்வளவு மோசமா எழுதுறான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"மோசமாவா?"

"பத்துன்னா என்ன டீச்சர்? கடும் தீங்கு. சுற்றறிக்கை நாற்பத்தோராம் பக்கம்." அவர் அந்தத் தடித்த சுற்றறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பூஜ்யம், தீங்கில்லை. ஐந்து, மனவருத்தம் தரலாம். பத்து, கடும் தீங்கு.

பெட்டிக்கான பயிற்சி நாளன்று அவள் சாத்தூரில் தேர்வுப் பணியில் இருந்தாள். அறுபத்து நான்கு பக்கச் சுற்றறிக்கையில் அவள் படித்தது முதல் பக்கமும் கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கமும். ஜாடியின் திரையில் இருந்ததெல்லாம் 'மதிப்பு: __/10' என்ற ஒரு கட்டம். இருபத்தாறு வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை அந்தக் கட்டத்தில் வேறு எதைப் போடும்? நன்றாக இருந்தால் பத்து. சுமார் என்றால் நாலு. ஒன்றுக்கும் ஆகாததற்கு முட்டை.

"பார்க்கிறேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து காளீஸ்வரியின் பதிவுகளை முதலிலிருந்து திறந்தாள். முப்பதாவது பதிவு: பள்ளி மதிய உணவு முட்டையைப் பத்தாம் வகுப்பு இயற்பியலின் எந்த விதியாலும் விளக்க முடியாது என்ற ஆய்வுக் கட்டுரை, படங்களோடு. நாற்பத்தைந்தாவது: 'சோதனைக் குழாய்களின் சங்கக் கூட்டம்', உடைந்துபோன தோழர்களுக்கு மௌன அஞ்சலியோடு. அறுபத்தொன்றாவது பதிவு அவளைப் பற்றியதே. பரிசளிப்பு விழா, தீயணைப்பு ஒத்திகை, பிரிவு உபசாரம் என மூன்று படங்கள். மூன்றிலும் செண்பகவல்லியின் அதே முகம். கீழே 'மகிழ்ச்சி', 'பேரச்சம்', 'ஆறாத்துயர்'. அதைப் பார்த்த அன்று அவள் ஆய்வகக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டாள். கூட ஒன்று போட இடமில்லையே என்றுகூட இருந்தது.

கதவு தட்டும் சத்தம். காளீஸ்வரி நின்றாள். ஒற்றைச் சடை, சட்டைப்பையில் நாலு பேனா.

"ரெக்கார்டு நோட்டு வாங்க வந்தேன் மிஸ்."

செண்பகவல்லி அடுக்கிலிருந்து நோட்டை உருவினாள். வெள்ளிக்கிழமை திருத்தியது. 'ஆறரை. விளக்கம் நீளம்.' பெண் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், அந்த அரை மார்க்கைக் கொஞ்சம் பார்த்து ஏழாக்கக் கூடாதா?" என்றாள். நோட்டீஸ் வந்த அன்றைக்கும் கேட்கிறாளே என்று இருந்தது. அரை மதிப்பெண்ணுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் செண்பகவல்லிக்கு ஆகாது.

"மறுமதிப்பீடு வேணும்னா எழுதிக் கொடு."

"சரி மிஸ்." பெண் போகவில்லை. "வியாழக்கிழமை விசாரணை. தெரியுமா மிஸ்?"

"தெரியும். என்ன செய்வாங்களாம்?"

"சட்டத்தைப் படிச்சுட்டேன். பதினெட்டு வயசு வரைக்கும் கணக்கைப் பூட்டுவாங்க. அது போகட்டும். விருதுநகர்ல மூணு மாசம் நெறிப்படுத்தும் முகாம். அதுக்கு மேல டி.சி.யில ஒரு வரி எழுதுவாங்க, 'கடும் தீங்கு விளைவித்தவர்'னு. அந்த ஒரு வரி இருந்தா சட்டக் கல்லூரியில உள்ளேயே விட மாட்டாங்க." அவள் நோட்டின் ஓரத்தைச் சுருட்டி விரித்தாள். "சட்டம் படிக்கணும்னு இருந்தேன்."

"ம்."

"நான் உங்களை அவ்வளவா காயப்படுத்திட்டேன் மிஸ்? எழுபத்தொரு தடவை பத்து போட்டிருக்கீங்க. ஒரு தடவை கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். நான் நிறுத்தியிருப்பேன்."

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வரிதான். 'இல்லைம்மா, சிரிச்சேன்.' இருபத்தாறு வருடப் பழக்கம் அந்த வரியை வெளியே விடவில்லை.

"மணி அடிச்சாச்சு. வகுப்புக்குப் போ" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் தன்னைத்தானே உட்கார வைத்துக் கேட்டாள். எதற்குப் பயப்படுகிறாய்? துறை நடவடிக்கைக்கா? ஒரு விளக்கக் கடிதம், ஒரு எச்சரிக்கை, அதோடு போகும். அதற்கில்லை. தன்னைக் கிண்டல் செய்த பதிவுக்குத் தானே கதவைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தாள் என்று தெரிந்தால், இத்தனை வருடம் பிள்ளைகள் பயந்த அந்த முகத்துக்கு என்ன மரியாதை? கேட்கவே வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் சட்டப் படிப்பையும் தன் முகத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதுவும் தராசு உடனே சாயவில்லை. தன்னைப் பற்றி அவளுக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை மாவட்டக் குழுவிலிருந்து வழக்கறிஞர் பெனடிக்டா வந்தார். அறுபது வயது, பருத்திச் சேலை, கையில் ஒரு டிபன் பாக்ஸ். ஜாடியைப் பக்கத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. எனவே ஆய்வக மேசை நீதிமன்றம் ஆனது. ஒரு பக்கம் தலைமையாசிரியர். எதிரில் காளீஸ்வரியும் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் அவள் அப்பா சுடலைமணியும்.

"அம்மா, வீட்டுல நல்லபடியாத்தான் வளர்த்தோம்" என்றார் சுடலைமணி, யாரும் கேட்பதற்கு முன்பே.

"அப்பா, நீங்க பேசாம இருங்க. எனக்குத்தான் முதல்ல பேச உரிமை. பதினாலாம் பிரிவு."

பெனடிக்டா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சட்டத்தை முழுசாப் படிச்சியா?"

"ரெண்டு தடவை மேடம். இருபத்திரண்டாம் பிரிவுல ஒரு ஓட்டை இருக்கு."

"அதை அப்புறம் தனியாச் சொல்லு. இப்ப உன் பதிவுக்கு வா."

"அதுக்கு முன்னால..." என்றாள் செண்பகவல்லி. எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் பேசணும் மேடம். அந்தப் பத்தெல்லாம் தீங்குக்குப் போட்டதில்ல. மார்க்கு."

"என்ன மார்க்கு?"

"நல்லா இருந்ததுன்னு போட்ட மார்க்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. அதனால பத்து போட்டேன்."

ஜாடி மட்டும் முனகியது. முதலில் பேசியவர் தலைமையாசிரியர்தான்.

"மேடம், டீச்சருக்கு இரக்க குணம். பிள்ளையைக் காப்பாத்தச் சொல்றாங்க. இவங்க சிரிக்கிற ஆளே இல்ல. இருபது வருஷமாப் பார்க்கிறேன்."

"சிரிச்சதுக்குச் சாட்சி இருக்கா டீச்சர்?"

"கதவைத் தாழ் போட்டிருந்தேன்."

காளீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கையைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது. 'எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் மிஸ்' என்பதுபோல.

பெனடிக்டா திரையைத் தன் பக்கம் இழுத்து, பதிவுகளைப் புரட்டினார். "ஏதோ ஒண்ணைப் போடுறேன்" என்று அறுபத்தொன்றாவதை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் விழ வைத்தார். மகிழ்ச்சி. பேரச்சம். ஆறாத்துயர். அந்த மூன்று முகங்களுக்குக் கீழே, நான்காவதாக, உயிரோடு, அதே முகம் நின்றுகொண்டிருந்தது. சுடலைமணி படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்.

அந்தத் தரைப் பார்வைதான் செண்பகவல்லியைக் கவிழ்த்தது. உதட்டை உள்ளே மடித்தாள். மூச்சைப் பிடித்தாள். முதலில் கீச்சொலி இழுத்தது, பிறகு விசில். மேசையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, பொத்தியும் நிற்காமல் சிரித்தாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு வரிசை அப்படியே நின்றுவிட்டது. காளீஸ்வரியின் வாய் திறந்தபடி இருந்தது. பெனடிக்டா தன் கைபேசியை எடுத்து நிதானமாக ஒரு படம் எடுத்தார்.

"சான்று ஒண்ணு" என்றார்.

அது அடங்கச் சில நிமிடம் ஆனது. தலைமையாசிரியர் தண்ணீர் கொடுத்தார்.

"சரி. பத்து எதுக்குன்னு தெரிஞ்சது" என்றார் பெனடிக்டா. "பூஜ்யம் யாருக்குப் போட்டீங்க?"

செண்பகவல்லியின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு போய்விட்டது. இந்தக் கேள்வியை அவளும் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாம் வகுப்புல மெர்லின்னு ஒரு பொண்ணு. பேச்சு திக்கும். அவ பேசுறதை அப்படியே பேசிக்காட்டி ஒருத்தி ஒரு வீடியோ போட்டா, போன நவம்பர்ல. எனக்கு அருவருப்பா இருந்தது. முட்டை போட்டு, நிறுத்திட்டேன்."

"நிறுத்தினது சரி. ஆனா முட்டைன்னா என்ன?"

"தீங்கில்லை."

"பொங்கலுக்கு அப்புறம் என்ன மாறிச்சு, தெரியுமில்ல? ஆசிரியர்களுக்கு வேலை அதிகம்னு, பெட்டி கத்துக்கிட்டதை வச்சுத் தானே முடிவு பண்ணலாம்னு விட்டாங்க. பெட்டி உங்ககிட்டதானே படிச்சிருக்கு. சிரிக்க வைக்கிறது ஆபத்து, புண்படுத்துறது பரவாயில்லை."

"அதான் மேடம், பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஜோக்கும் வெளியே வரல" என்றாள் காளீஸ்வரி மெதுவாக. "எல்லாம் ஜாடியிலேயே ஊறுது."

"மெர்லினைக் கிண்டல் பண்ணி மறுபடி ஒண்ணு வந்திருக்கு. ஜனவரி இருபத்தெட்டு. பெட்டியே விட்டுடுச்சு" என்றாள் செண்பகவல்லி. "அந்தப் பொண்ணு நாலு நாள் பள்ளிக்கூடம் வரல. காய்ச்சல்னு லீவ் லெட்டர். நானும் காய்ச்சல்னே நம்பினேன். நேத்து அவ வீட்டுக்குப் போயிருந்தேன். அது நான் போட்ட முட்டையால போன பதிவுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"வேதியியல் வாய்மொழித் தேர்வுல தன்னை அவசரப்படுத்தக் கூடாதுன்னு கேட்டா. ஒத்துக்கிட்டேன்."

பெனடிக்டா பேனாவைத் திறந்தார். "நீங்க ஒருத்தர் மட்டும்னா உங்க மேல எழுதி முடிச்சிருப்பேன்" என்றார். "இந்த மாவட்டத்துல முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடத்துல இதே கதை. எல்லாரும் நல்லாசிரியர்கள். அந்தக் கட்டத்தை வச்சவங்க ஒரு நாள்கூடப் பேப்பர் திருத்தியிருக்க மாட்டாங்க போல. தீர்ப்பு எழுதுறேன், கேளுங்க."

காளீஸ்வரி மேல் இருந்த புகார் தள்ளுபடி. வெளியே போன வீடியோ நீக்கப்படும். போட்ட பெண்ணிடம் பள்ளியே பேசும். இந்தப் பள்ளியின் எண்கள் எல்லாம் தலைகீழாக மாற்றப்பட்டு, பெட்டிக்கு முதலிலிருந்து பாடம் சொல்லித்தரப்படும். இனிமேல் எண் போடும்போது மாணவர் தரப்பில் ஒருவர் கூட இருப்பார்.

"இருபத்திரண்டாம் பிரிவு ஓட்டையைப் பத்தியும் ஒரு வரி எழுதலாம் மேடம்" என்றாள் காளீஸ்வரி.

பெனடிக்டா டிபன் பாக்ஸைத் திறந்தார். "வா, சாப்பிட்டுக்கிட்டே சொல்லு."

மறு செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் மறுபடி செண்பகவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், ஒன்பதாம் பிரிவுல மறுபடி நோட்டீஸ்."

"யாருக்கு சார்?"

"எனக்கு."

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் ஒரு ரோஜாப்பூப் படம் போடுவார், 'இனிய காலை வணக்கம், முயற்சியே மூச்சு' என்று ஏதாவது எழுதி. இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு ரோஜாக்கள். செண்பகவல்லி ஒவ்வொன்றாக ஆவி போகக் கொட்டாவி விட்டபடி முட்டை போட்டு விட்டிருந்தாள். எண்கள் தலைகீழானதில், இருநூற்றுப் பன்னிரண்டு முட்டையும் இருநூற்றுப் பன்னிரண்டு பத்தாகிவிட்டது.

"மாநிலத்துலயே நான்தான் அதிகமாம்" என்றார் ஞானசிகாமணி. "ரோஜாப்பூவுல என்ன டீச்சர் தீங்கு? உண்மையைச் சொல்லுங்க. அவ்வளவு மோசமாவா இருந்தது?"

அவள் உதட்டை மடித்தாள். "தீங்கில்ல சார். அதை நான் வந்து சொல்றேன்."

"நீங்க சொன்னாப் போதுமா? நல்லா வாதாடத் தெரிஞ்ச ஆள் வேணுமே." அவர் தயங்கினார். "அந்தக் காளீஸ்வரிக்கு இந்தப் பீரியட் என்ன பாடம்?"

விசாரணையில் காளீஸ்வரி, சலிப்பு வேறு, தீங்கு வேறு என்று இருபது நிமிடம் வாதாடி அவரை மீட்டாள். அதற்குப் பிறகு ரோஜாக்கள் வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தன. அது தீர்ப்பில் இல்லை. வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் தனியாகச் சொன்ன யோசனை.

அந்த வார இறுதியில் செண்பகவல்லி தன் வாழ்க்கையின் முதல் பதிவைப் போட்டாள். பெனடிக்டாவிடம் கேட்டு வாங்கிய படம்: முந்தானையைப் பொத்திக்கொண்டு, கண்கள் இடுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, அவள். பார்க்கப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கீழே எழுதினாள்: 'மந்த வாயுக்கள் எதனோடும் வினை புரியாது என்று நாம் படிப்பது முழு உண்மையல்ல. செனான் புரியும். உரிய சூழ்நிலையும் தக்க துணைத் தனிமமும் அமைய வேண்டும். இது குறித்து 1962ஆம் ஆண்டு முதல் சான்றுகள் உள்ளன.' மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். ஒரு நாள் ஜாடியில் கிடந்தது. 'இப்போதும் இதைச் சொல்ல விரும்புகிறாயா?' என்று பெட்டி கேட்டபோது, சோதனைக் குழாய்களைத் தவிர யாரும் இல்லாத அறையில், "ஆமாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

திங்கட்கிழமை எண் வந்திருந்தது. தன் பதிவுக்குத் தானே எண் போட முடியாது. மாணவர் உறுப்பினர்தான் போட வேண்டும்.

பூஜ்யம்.

தீங்கில்லை என்று அர்த்தம், சட்டப்படி சரியான எண் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் முட்டை முட்டைதானே. பள்ளியிலும் கல்லூரியிலும் அவள் ஒருமுறைகூட வாங்கியதில்லை. பிறகுதான் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தாள்.

'சிரிப்புக்குத் தனிக் கட்டம் இல்லை. இருந்தால்: ஆறரை. விளக்கம் நீளம்.'

அவள் அதைப் படித்தாள். 1962 வரியைச் சேர்த்திருக்க வேண்டாம்தான். இருந்தாலும் படம் படம்தானே, அதற்கென்று ஒன்றும் கிடையாதா? இடைவேளை மணி அடித்தது. காப்பி குடிக்க ஆசிரியர் அறைக்குப் போகத்தான் கிளம்பினாள். கால்கள் பதினொன்றாம் வகுப்பு வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

"காளீஸ்வரி, ஒரு நிமிஷம் வா."

"சொல்லுங்க மிஸ்."

"அந்த அரை மார்க்கைக் கொஞ்சம் பார்த்து ஏழாக்கக் கூடாதா?"

காளீஸ்வரி சட்டைப்பையிலிருந்த நாலு பேனாவில் ஒன்றை எடுத்து நீட்டினாள். முகத்தில் ஓர் அசைவில்லை. மகிழ்ச்சி, பேரச்சம், ஆறாத்துயர் மூன்றுக்கும் பொருந்தும் முகம்.

"மறுமதிப்பீடு வேணும்னா எழுதிக் கொடுங்க மிஸ்."

வராந்தா முழுக்க விசில் கேட்டது.